பதினெட்டில் வைத்தால்

கடைப் பையன் கோல்பி
கண்ணாடி மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தான்.
ஒன்று, மாறாத நான்கு.
ஒன்று, மூன்றிலிருந்து ஒன்பது.
ஒன்று, ஆறிலிருந்து பதினெட்டு வரை போகும்.
விலை ஏற ஏறக் குழலும் தடித்திருந்தது.
"பெரிதாகத் தெரிந்தால் தப்பாது, மிசஸ் ஹால்ஸ்டட்."
அவன் கொயோட்டி சுட்டவன் இல்லை;
நகங்களைப் பார்த்தாலே தெரிந்தது.
ஆனால் அந்த வாரம் எனக்கு
ஒன்பது குட்டிகள் போயிருந்தன.
எதையும் பெருக்கிப் பார்க்கிற மனசோடு போனவள்
அறுநூறு டாலரை எண்ணி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து வேலிக்கம்பத்தைக் குறிபார்த்தேன்.
கம்பத்தில் ஆணி, ஆணியில் துரு,
துருவில் சிக்கிய ஒற்றை ஆட்டு மயிர்.
என் நாடி துடித்ததற்குக் கம்பம் துள்ளியது.
மூச்சை அடக்கினால் இன்னும் துள்ளியது.
எம்மெட் சமையலறை ஜன்னலைத் திறந்து கேட்டான்:
"நிலாவைச் சுடப்போகிறாயா?"

ஏப்ரல். பவுடர் ஆற்றுக்கு மேலே எங்கள் மேய்ச்சல்,
பாதி பனி, பாதி சேறு.
சேஜ் புதருக்குள் முழங்கால் ஊன்றி
அடிபட்ட முயலின் குரலை ஊதினேன்.
ஊதியில் பல் பட்டுக் கூசியது.
கால்மணி நேரம் ஒன்றுமில்லை.
பிறகு எதிர்மேட்டில் ஒரு புதர் நடந்தது.

ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.
வானம். புல். வானம். வேறு புல்.
வெறுங்கண்ணில் இருந்தது
கண்ணாடிக்குள் காணோம்.
பதினெட்டில் வைத்தால் உலகம்
ஒரு ரொட்டித்தட்டு அகலம்,
மிச்சமெல்லாம் கறுப்பு.

கடைசியில் தட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள்.
உட்கார்ந்தது என்றுதான் சொல்லவேண்டும்.
வயிற்று மயிர் உதிர்ந்து காம்புகள் சிவந்திருந்தன,
சற்றுமுன் யாரோ குடித்துவிட்டு விட்ட ஈரத்தோடு.
இடக்காதில் ஒரு கிழிசல், பழையது.
மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தாள்.
நான் ஊதிய பொய்யை நம்பலாமா கூடாதா என்று
புருவ மேட்டில் ஒரு சுருக்கம்.

முந்நூறு கெஜத்தைப் பதினெட்டால் வகுத்தேன்.
பதினேழுகூட வரவில்லை.
எங்கள் கொட்டகைக் கதவுக்கும்
தண்ணீர்த் தொட்டிக்கும் உள்ள தூரம்.
அவ்வளவு கிட்டத்தில் யார் வந்து நின்றாலும்
முதலில் என்ன வேண்டும் என்றுதான் கேட்போம்.

எவ்வளவு நேரம் பார்த்தேனோ.
இடப்பக்கம் மந்தை கலைந்த சத்தம்.
தலையைத் தூக்கினால்
நாற்பது கெஜத்தில் அவள் இணை,
முயலுக்கு ஏமாறாதது,
வாயில் பத்தாவது குட்டி.

துப்பாக்கியைச் சுழற்றினேன், பதினெட்டிலேயே.
வட்டம் முழுக்க மயிர்.
பழுப்பு, சாம்பல், மறுபடி பழுப்பு.
அது தோளா, தொடையா,
என் குட்டியின் கம்பளியா?
விரல் விசையில் இருக்க
இடக்கையால் வளையத்தைத் திருகினேன்.
பதினான்கு. பத்து. எட்டு.
ஆறுக்கு வந்தபோது புல்வெளி முழுதாகத் தெரிந்தது,
துடைத்து வைத்தது போல.
மேட்டிலும் யாரும் இல்லை.

வாங்கியதைத் திருப்பி எடுக்கமாட்டானாம் கோல்பி.
மாறாத நான்கையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.
நான்கில் கொயோட்டி சுண்டுவிரல் நகம் அளவு.
அதைச் சுற்றி ஓடை இருக்கிறது,
வேலி இருக்கிறது, என் ஆடுகள் இருக்கின்றன,
அது எந்தப் பக்கம் ஓடும் என்பதும் இருக்கிறது.
அதற்கு மடி இல்லை.

பதினெட்டு இப்போது சமையலறை ஜன்னல் திண்டில்.
இரவில் எம்மெட் அதில் நிலாவைப் பார்க்கிறான்,
முழங்கையை மாவு டப்பாமேல் ஊன்றி.
என்னையும் கூப்பிடுகிறான்.
பாத்திரம் கிடக்கிறது என்கிறேன்.

மே இரண்டாம் வாரம் ஒன்று விழுந்தது.
நூற்றிருபது கெஜம், ஒரே வெடி.
விழுந்ததை எடுத்துவர எம்மெட்டை அனுப்பினேன்.
திரும்பி வந்து குழாயடியில்
வெகுநேரம் கை கழுவினான்.
எந்தக் காது என்று நான் கேட்கவில்லை.
துண்டை நீட்டினேன்.